அண்ணா இருக்கிறாரா இல்லையா என்று அம்மாவைக் கேட்காதீர்கள்

கேள்வி:

எனக்கு 28 வயது. கிளிநொச்சியில் கணவர், ஐந்து வயது மகன், அம்மா ஆகியோருடன் இருக்கிறேன். 2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலம் கடந்து வந்த இடத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்கள்கூட வந்து பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணாவுக்கு அப்போது 19 வயது. கட்டாயத்தில் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதம் இயக்கத்தில் இருந்தவர். "போய்ப் பதிஞ்சிட்டு வா தம்பி, பிறகு பிரச்சினை வராது" என்று அம்மாதான் அனுப்பினார். பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அம்மா ஒவ்வொரு வருஷமும் அண்ணாவின் பிறந்தநாளுக்கு ஒரு சேட் வாங்கி அலுமாரியில் வைப்பார். போன வருஷம் ஒரு அளவு பெரிசாக வாங்கினார். ஓகஸ்ட் மாதம் செம்மணிக்குப் போய், புதைகுழியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை. என் மகனைச் சில நேரம் அண்ணாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கனடாவில் இருக்கும் அக்கா, "ஐயரிடம் கேட்டுவிட்டேன், கிரியையைச் செய்து முடிப்போம், அம்மாவை நீதான் இப்படியே வைத்திருக்கிறாய்" என்கிறார். அம்மாவுக்கு மனநோயா? கிரியை செய்வதா, விடுவதா?

இன்னொன்று. எனக்கு அம்மா மேல் ஆத்திரம் வருகிறது. அந்தப் பாலத்தை நானும்தானே கடந்து வந்தேன்? என் கலியாணத்தன்றும் அம்மா அண்ணாவை நினைத்துத்தான் அழுதார். பஸ் ஏற முன்னர் அண்ணா தன் செருப்பைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டுப் போனார், என் கால் சுடுகிறது என்று. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மா மேல் கோபப்படுவது பாவமா?

பதில்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தச் சேட்டைப் பற்றிய வரியைத்தான். ஒரு அளவு பெரிசாக வாங்கியது உங்களைப் பயப்படுத்தியிருக்கிறது என்று விளங்குகிறது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அம்மாவின் மனம் 2009-இலேயே நின்றுபோயிருந்தால், இன்றைக்கும் 19 வயதுப் பையனின் அளவில்தான் வாங்கிக்கொண்டிருப்பார். மகனுக்கு இப்போது 35 வயது தாண்டிவிட்டது, உடம்பு வைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்து வாங்கும் ஒரு தாய், காலம் ஓடிவிட்டதை நன்றாக அறிந்தவர். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், மகனுக்கு என்ன நடந்தது என்பது. அது உங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.

அதனால் "அம்மாவுக்கு மனநோயா" என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியதை வைத்து என் பதில், இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நீடித்த துயரம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்குத் துயரம் குறையாமல் இருப்பதை அது சொல்கிறது. ஆனால் அது மரணத்தை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் அம்மாவுக்கு ஒரு மரணம் அறிவிக்கப்படவே இல்லை. உடல் வரவில்லை, கண்ட சாட்சி இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. துக்கம் தொடங்குவதற்கே ஒரு நாள் இல்லாதபோது அது ஏன் முடியவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை.

1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களோடு வேலை செய்த பொலின் பொஸ் என்ற ஆய்வாளர் இதைத்தான் கண்டார். ஆள் உடலால் இல்லை, மனதால் வீட்டில் இருக்கிறார், போனாரா இருக்கிறாரா என்பதற்கு முடிவு இல்லை. இப்படிப்பட்ட இழப்பில் கோளாறு அந்த மனிதரிடம் இல்லை, அவரை நிறுத்தி வைத்திருக்கும் நிலைமையில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். வடக்குக் கிழக்கில் வேலை செய்யும் எங்களுக்கு இது புத்தகத்தில் படிக்க முன்னரே கண்ணால் தெரிந்த விஷயம். இலங்கையில் காணாமல் போனவர்களைத் தேடித் தரும்படி 1990-க்குப் பிறகு சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த கோரிக்கைகளே 16,000-க்கு மேல். இதில் வடக்கு, கிழக்கு, தெற்கு எல்லாம் உண்டு. உங்கள் வீட்டு அலுமாரியைப் போல எத்தனை அலுமாரிகள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நித்திரை வேறு விஷயம். அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

செம்மணியில் தோண்டி எடுத்த பொருட்களை 2025 ஓகஸ்ட் 5 அன்று மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடப் பை, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் புதைகுழி 1990-களில் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்களோடு தொடர்புடையது என்றுதான் பெரும்பாலும் பேசப்படுகிறது. உங்கள் அண்ணா 2009-இல் வட்டுவாகலில் பஸ் ஏறியவர். அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் போனார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரி 20-இல் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மார் பலரும் இப்படித்தான், எந்தக் குழி தோண்டினாலும் போய்ப் பார்ப்பார்கள். அந்தத் தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். போய்ப் பார்க்கிற தாய் இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்கிறார். அண்ணாவின் உடுப்பு அங்கே இருக்கக் கூடாது, இருந்தாலாவது தெரிய வேண்டும். ஒரு மனதுக்குள் இந்த இரண்டும் ஒரு நாள் முழுக்க நின்றால் உடம்பு தாங்காது. திரும்பி வந்து சில கிழமை நித்திரை குழம்புவது சாதாரணம். உங்கள் அம்மாவுக்கு மாதக்கணக்காகிவிட்டது. சாப்பாடு குறைந்திருக்கிறதா, குளிப்பு முழுக்கில் கவனம் விட்டுவிட்டாரா, பிரஷர், சீனி மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறாரா, "நான் இருந்து என்ன" என்ற மாதிரிக் கதை வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "அண்ணாவை மறக்கிறதுக்கு மருந்து எடுக்கப் போறம்" என்று அம்மா நினைத்தால் வரமாட்டார். "நித்திரைக்குக் காட்டுவம், அண்ணாவைத் தேடுறதுக்கு உங்களுக்குத் தெம்பு வேணும்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

கூட்டிக்கொண்டு போனாலும் மருந்து எட்டாத ஓர் இடம் இருக்கிறது. "போய்ப் பதிஞ்சிட்டு வா" என்று அனுப்பியது தானே என்ற நினைப்பு. உங்கள் அம்மாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்படிக் கையளித்த தாய்மார் பலர் என்னிடம் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். "மகன் இல்லை" என்று ஒப்புக்கொண்டால், "நானே அனுப்பி வைத்தேன்" என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டி வருகிறது. அதனால்தான் நம்பிக்கையை விடச் சொன்னால் அப்படி எதிர்க்கிறார்கள். "உங்களில பிழை இல்லை அம்மா" என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டாம், அது அவரைப் பேசவிடாமல் செய்துவிடும். அன்று என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லட்டும், எத்தனை தரம் என்றாலும் கேளுங்கள். பிறகு ஒரு நாள், உண்மையாக நடந்த ஒன்றை நினைவுபடுத்துங்கள். அந்த நாட்களில் சரணடைந்தவர்களில் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து விடுவிக்கப்பட்டு வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் ஊரிலேயே அப்படி வந்தவர்கள் இருப்பார்கள். அதே ஒலிபெருக்கியைக் கேட்டு, அதே நம்பிக்கையில், ஆயிரக்கணக்கான தாய்மார் எடுத்த முடிவைத்தான் உங்கள் அம்மாவும் எடுத்தார். அந்த இடத்தில் அதைவிட நல்ல முடிவு ஒருவர் கையிலும் இருக்கவில்லை. பதிந்தவர்களில் சிலர் திரும்பி வந்து சிலர் வராமல் போனதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மா இல்லை.

சரி, கிரியைக்கு வருவோம்.

நீண்ட காலம் திரும்பாதவருக்குத் தர்ப்பையில் உருச் செய்து கிரியை செய்யும் வழக்கம் நம் சமயத்தில் உண்டு, ஐயர் அக்காவுக்குச் சொன்னது பிழை இல்லை. ஆனால் அது வீட்டிலுள்ளவர்கள் மனம் ஒத்துச் செய்ய வேண்டியது. அம்மாவை ஒரு வழியாக இருத்தி வைத்துச் செய்துவிட்டால், அவருக்கு அது மகனை இரண்டாம் தரம் கையளித்த மாதிரித்தான் இருக்கும். இந்த முறை பிள்ளைகளே செய்வித்தார்கள் என்ற வருத்தமும் சேரும். செய்ய வேண்டாம், அம்மா தானாகக் கேட்கும் வரையில்.

அதற்காக அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்குத் தன் துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் அலுமாரி அங்கே இல்லை, போராட்டக் கொட்டகை இல்லை, கூட இருந்து அழ ஆள் இல்லை. போனில் ஒரு முடிவு எடுத்துத் தரச் சொல்லி நெருக்குவது ஒன்றுதான் அவரால் முடிகிறது. அவருடைய மனதில் அண்ணா இறந்துவிட்டார். உங்கள் அம்மாவின் மனதில் இருக்கிறார். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தூக்கி உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒரு குடும்பம் இரண்டு பதில்களோடு வாழலாம். அக்கா அங்கே மே 18-இல் விளக்கேற்றி அழட்டும், மோட்ச அர்ச்சனை செய்யட்டும். அம்மா இங்கே சேட் வாங்கட்டும். ஒருவர் மற்றவரைத் திருத்த வேண்டியதில்லை.

இது லேசான காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரல் 30-இல் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய அன்னையர், இராணுவ ஆட்சி காணாமல் ஆக்கிய பிள்ளைகளுக்காக வெள்ளை முக்காடோடு வாரந்தோறும் நடந்தவர்கள். அவர்களே 1986-இல் இரண்டாகப் பிரிந்தார்கள். எலும்புகளைத் தோண்டி அடையாளம் காண்பதை ஏற்பதா, அரசாங்கம் தரும் இழப்பீட்டை வாங்குவதா என்பது அந்தப் பிரிவில் பெரிய விஷயமாக இருந்தது. "உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு தாருங்கள்" என்று நின்றவர்களும், "எலும்பாவது வேண்டும்" என்றவர்களும் ஒரே மாதிரித் தாய்மார்தான். நம்மிடமும் 2022-இல் அமைச்சரவை ஒரு குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபா என்று தீர்மானித்தபோது, வாங்குவதா விடுவதா என்று எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அப்படி ஒரு சண்டைக்குள் உங்கள் அம்மாவும் அக்காவும் போய்விடக் கூடாது.

எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று தேவை என்றால், பிறந்தநாளை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த திகதி இல்லை, பிறந்த திகதி இருக்கிறது, அதில் ஒருவருக்கும் சண்டை இல்லை. அண்ணாவின் பெயர் நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை, பிள்ளைகள் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு. காசு அக்கா அனுப்பட்டும், சமையல் அம்மா பார்க்கட்டும். அண்ணாவுக்கு விருப்பமான கறி என்ன என்று அம்மாவிடம் கேட்டுச் சமையுங்கள். அன்றைக்கு அக்காவும் போனில் வீடியோவில் நிற்கட்டும். இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியை அன்றைக்கு ஒருவரும் எடுக்க வேண்டாம்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதில் பிள்ளைகளுக்கு எல்லாம் காதில் விழும். யாரும் விளக்காததைத் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொள்வார்கள், அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். "மாமா வெளிநாட்டில்" என்று சொல்லாதீர்கள். "மாமா சண்டை நேரத்தில காணாமல் போயிட்டார். எங்க எண்டு ஒருவருக்கும் தெரியாது. அம்மம்மா தேடுறா. அது பெரியாக்களின்ர வேலை, நீ தேடத் தேவையில்லை" என்று சொல்லுங்கள். கடைசி வசனத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். தேடுகிற வீட்டில் வளரும் பிள்ளைகள் தாங்களாகவே அந்த வேலையைத் தூக்கிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். தானும் காணாமல் போவோமோ என்று பயந்து பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூடப் போகாத பிள்ளைகள் உண்டு. அம்மா அண்ணாவின் பெயரால் கூப்பிட்டால், மகன் தன் பெயரைச் சொல்லி, "அம்மம்மா, நான்தான்" என்று திருத்தட்டும், அதற்கு ஒருவரும் ஏச வேண்டாம். அம்மாவும் மனம் நோக மாட்டார். அநேகமாகச் சிரித்துவிட்டு அணைத்துக்கொள்வார்.

இனி நீங்கள்.

கோபம் பாவம் இல்லை, தங்கச்சி. 12 வயதில் அந்தப் பாலத்தைக் கடந்தவர் நீங்கள். அங்கே பிணங்களைத் தாண்டி வந்திருப்பீர்கள், தாகத்தில் இருந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு முகாம், முள்ளுக்கம்பி. அந்த வயதில் உங்களையும் ஒருவர் மடியில் வைத்துத் தேற்றியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அதற்குத் தெம்பு இருக்கவில்லை, அவர் தேடப் போய்விட்டார். வீட்டில் இருந்த பிள்ளையை வராத பிள்ளை மறைத்துவிட்டது. காணாமல் போனவர்களின் சகோதரங்கள் பலர் இதைச் சொல்லவே கூசுகிறார்கள், உயிரோடு இருப்பதே ஒரு குற்றம் என்று நினைத்து நல்ல பிள்ளையாக இருந்து அதை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவைப் பார்ப்பவர் நீங்கள், அக்காவின் ஏச்சைக் கேட்பவர் நீங்கள், உங்கள் அண்ணாவை நினைத்து நீங்கள் அழுத இடம் மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் அம்மாவின் மகன் மட்டும் இல்லை. உங்களுக்கு அண்ணா.

அந்தச் செருப்பைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை என்கிறீர்கள். அம்மா இன்னும் அழுவார் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இதையும் யோசியுங்கள். உங்கள் அம்மா 16 ஆண்டுக்கு மேலாக முகாம், சிறை, ஆணைக்குழு, அலுவலகம், சாத்திரகாரர் என்று ஏறி இறங்கித் தேடுவது மகனைப் பற்றிய ஒரு தகவலை. பொய்த் தகவல் சொல்லிக் காசு பறிக்கிறவர்களும் இந்தத் தாய்மாரை விட்டு வைக்கவில்லை. உண்மையான ஒரு தகவல் உங்களிடம் இருக்கிறது. பஸ் ஏறும் கடைசி நிமிஷத்திலும் தங்கையின் கால் சுடும் என்று நினைத்த பிள்ளையாக அவர் இருந்தார். அந்த மனசோடுதான் போனார். அம்மா அனுப்பிய அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரியாமல் நடந்தது இது. அதைக் கேட்டால் அம்மா அழுவார். அந்த அழுகையைத் தடுக்கத் தேவையில்லை, அப்போது பக்கத்தில் இருந்து நீங்களும் அழலாம். பின்னேரத்தில், மகன் வெளியில் விளையாடும் ஒரு நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். இரவில் வேண்டாம், நித்திரை இல்லாதவருக்கு இரவு நீளம். மே மாதத்திலும் வேண்டாம்.

உடனே அம்மாவிடம் சொல்ல மனம் வராவிட்டால் முதலில் ஓர் உளவளத்துணையாளரிடம் சொல்லிப் பாருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழில் கதைக்கலாம். காணாமல் போனவர்களின் குடும்பங்களைச் சேர்த்து வைத்துப் பேசும் குழுக்களைச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தியிருக்கிறது. உங்கள் பகுதியில் இப்போது எது இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சகோதரங்களுக்குத் தனியாக ஒரு குழு வேண்டும் என்றும் கேளுங்கள், தாய்மாருக்கு நடுவில் இருந்து உங்களால் மனம் விட்டுக் கதைக்க முடியாது. அம்மாவை நித்திரைக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற நாளிலேயே உங்கள் விஷயத்தையும் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கு நீங்கள் மறுபடியும் அம்மாவின் துணையாளாகத்தான் இருப்பீர்கள். வேறொரு நாள் பார்த்து, தனியாகப் போய், உங்கள் பெயரில் ஒரு கிளினிக் கொப்பி எடுங்கள்.